கடைமடையில் ஒரு மீன்

"ஆற்று நீர் வீணே கடலில் சென்று கலக்கின்றதே!" என்று நாம் வருந்துவதுண்டு. அன்பர்களே, அந்நீர் உண்மையில் வீணாகின்றதா? தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரு சிறு மீனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

ஆற்றுக் குழல்மீன் என்பது அதன் பெயர். கடற்குதிரைக்கு உறவான இம்மீன், கடற்குதிரைபோல் நிமிர்ந்து நில்லாது, நீரிற் கிடக்கும் நாணற் குச்சிபோலத் தோன்றும். நீளம் ஒரு சாணுக்கும் குறைவே. செதில்களுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள் அதன் உடலைக் கவசம்போலச் சூழ்ந்துள்ளன. வாயிலே பற்கள் இல்லை; குழல்போன்ற முகத்தால் இரையை நீரோடு உறிஞ்சி உண்ணும். முட்டையிடுவது பெண்; சுமப்பதோ ஆண். வாலின் அடியிலுள்ள பையில் முட்டைகளை ஏற்று, குஞ்சுகள் வெளிவரும்வரை தந்தையே பேணுகின்றது.

கிழக்குக் கேப் மாகாணத்தின் சில கழிமுகங்களில் மட்டுமே இம்மீன் வாழ்கின்றது. 1963ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து பெயரிட்டவர் பேராசிரியர் ஜே. எல். பி. ஸ்மித். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் பிடிபட்டபோது, அதனை இன்னதென்று கண்டுரைத்தவரும் அவரே. அவர் பெயரிட்ட சிறு மீனுக்கும் அதே விதி வாய்த்தது. பூண்டோடு அழிந்துவிட்டதென 1994இல் அறிவிக்கப்பட்ட குழல்மீன், 1996இல் கிழக்குக் கிளைன்மொண்ட் கழிமுகத்தில் மீண்டும் காணப்பட்டது. எனினும், மிகவும் அருகி, அழியும் நிலையிலேயே இன்றும் உள்ளது.

காரணம் யாது? ஊர்களுக்கும் வேளாண்மைக்கும் வேண்டி மேற்பகுதியில் அணைகள் எழுந்தன. கழிமுகத்தை அடையும் நன்னீர் குறைந்தது. ஆறு கொண்டுவரும் சத்துக்களால் நுண்ணிய பாசிகள் செழிக்கின்றன. அவற்றை உண்டு சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அச்சிற்றுயிர்களே குழல்மீனின் உணவு. ஆறு வற்றினால் அதன் உணவும் வற்றும். பெருவெள்ளம் வந்தாலோ, அது மறைந்து வாழும் கடற்புற்கள் வேரோடு அடித்துச் செல்லப்படும். நீந்தும் வலிமை குன்றிய இம்மீன் எங்கே சென்று உய்யும்?

அணைகளே வேண்டா என்பது நம் கருத்தன்று. வயலுக்குக் கடைமடை உண்டு. அங்கும் நீர் சேர்ந்தால்தான் பாசனம் முறையாயிற்று என்போம். ஆற்றுக்குக் கழிமுகமே கடைமடை. அங்கே வாழும் உயிர்களுக்கும் ஒரு முறைநீர் உண்டு. அதனை அளப்பது வீணன்று, கடமையாகும்.