நீரும் வண்டலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விழாவிலே சேற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த மக்களுக்கு வண்டல் அயலான பொருளன்று. அன்றியும், நாம் குடியேறி வாழும் இவ்வெல்லைப் பகுதிகள் அணைகளால் வளம் பெற்றவை. 1895ஆம் ஆண்டில் முடிவுற்ற முல்லைப்பெரியாறு அணையால் தேக்கடியில் ஏரி உண்டாயிற்று. 1953இல் மூணாற்றை அடுத்து மாட்டுப்பட்டி அணை எழுந்தது. பாலக்காடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த காலத்தில் கட்டப்பெற்ற மலம்புழை அணையை 1955இல் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். பாலக்காட்டு வயல்களுக்குப் பாய்வதும், அந்நகர மக்களின் தாகம் தணிப்பதும் அந்நீரே.

அணை நீரைத் தேக்குகிறது. கூடவே மண்ணையும் தேக்குகிறது. மலைச்சரிவில் விரைந்தோடும் நீர் மண்ணைச் சுமந்து வரும். தேக்கத்தில் வந்து நின்றதும் அச்சுமையை இறக்கி வைக்கும். இதனால் அணையின் கொள்ளளவு குறையும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் வண்டல் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. மேலே நிற்கும் நீரின் தன்மையையும் அதுவே ஆளுகிறது. இதனைத்தான் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பயிருக்கு இடும் உரம், மாட்டுச் சாணம், வீட்டுக் கழிவுநீர் ஆகியவற்றில் பாஸ்பரஸ் என்னும் சத்து உண்டு. மழையில் கரைந்தும் மண்ணோடு ஒட்டியும் அது ஏரிக்கு வந்து சேருகிறது. ஏரியின் அடியில் பிராணவாயு இருக்கும் வரையில், சேற்றிலுள்ள இரும்புத்துரு அச்சத்தைப் பற்றிக்கொள்ளும். கோடையில் மேல்நீர் சூடேறி, கீழ்நீரோடு கலவாமல் நின்றுவிடும். அப்பொழுது அடியில் மட்கும் பொருள்கள் பிராணவாயுவை உண்டு தீர்த்துவிடும். உடனே இரும்பின் பிடி தளரும். பூட்டி வைத்த பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கரையும். இங்கிலாந்து நாட்டு ஏரிகளை ஆராய்ந்து கிளிபர்டு மார்டிமர் என்னும் அறிஞர் 1941, 1942ஆம் ஆண்டுகளில் இதனை விளக்கிக் காட்டினார்.

நைட்ரஜன் சத்தின் போக்கு வேறு. அதில் ஒரு பகுதியைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடும். பாஸ்பரசுக்கு அத்தகைய வாயில் இல்லை. அது ஏரியிலேயே தங்கி, பாசியை வளர்க்கும். சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சு உடையவை. அந்நஞ்சு நீரைக் கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. நம் குழந்தைகள் குடிக்கும் நீரைப் பற்றிய செய்தி இது என்பதை மறவாதீர்கள்.

சுவீடன் நாட்டில் டிரம்மன் என்றோர் ஏரி உண்டு. நகரக் கழிவுநீர் விழுந்து அது பாழாயிற்று. 1950களின் இறுதியில் கழிவுநீரைத் தடுத்து வேறு வழியில் திருப்பினர். பல்லாண்டுகள் கழிந்தும் ஏரி தெளியவில்லை. வரும் அழுக்கு நின்ற பின்னும், அடியிலிருந்த பழைய சேறு சத்தைக் கக்கிக்கொண்டேயிருந்தது. 1970, 1971ஆம் ஆண்டுகளில் அச்சேற்றை அகற்றிய பின்னரே நீர் நலம் பெற்றது. எடுத்த சேறும் வீணாகவில்லை. உலர்த்தி, செடி வளர்க்கும் மண்ணாகப் பயன்படுத்தினர்.

இதைக் கேட்டதும் நம் ஊர்க் கண்மாய்கள் நினைவுக்கு வரவில்லையா? கோடையில் குளம் வற்றியதும் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள் நம் முன்னோர். குளம் ஆழமாயிற்று, வயல் கொழித்தது. வயலிலிருந்து போன சத்து வயலுக்கே திரும்பிற்று. 2017இல் தமிழ்நாட்டு அரசு ஏரி வண்டலை உழவர்கள் விலையின்றி எடுத்துச் செல்ல வழி செய்ததும் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. ஆயினும், ஆலைக் கழிவு கலந்த சேற்றில் நச்சு உலோகங்கள் இருக்கலாம். சோதித்துப் பாராமல் அதனை வயலில் இடுதல் தகாது.

அணையைத் தூர்வாருவது அரசின் கடமை. ஆனால் தூர் சேராமல் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. பெருமழை வருமுன் உரம் இடாதிருப்போம். ஓடைக்கரையில் புல்லும் மரமும் நிற்க விடுவோம். குடியிருப்பின் கழிவுநீரையும் தொழுவத்தின் சாணநீரையும் ஓடையில் விடாதிருப்போம். மேட்டில் வாழ்கின்றவன் செய்யும் பிழையைத் தாழ்வில் வாழ்கின்றவன் குடிக்க நேரிடுகிறது. நாமோ மேட்டிலும் வாழ்கிறோம், தாழ்விலும் வாழ்கிறோம்.

பிழைப்பைத் தேடி வந்த நம்மை இந்த மண் வாழ வைத்தது. அதன் நீரைக் கெடாமல் வைத்திருப்பது நாம் செலுத்த வேண்டிய நன்றிக்கடன். இன்று ஓடையில் நாம் விடுவதை ஏரி மறப்பதில்லை. அடியில் வைத்திருந்து, நம் பிள்ளைகள் காலத்தில் திருப்பித் தரும். அவர்களுக்கு நல்லது திரும்பும்படி நாம் வாழ்வோமாக!