மழைக்கு முன் எழுத வேண்டிய பதிவேடு

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஆகக் கூடுதலான உயிரிழப்பு நமது கண்டி மாவட்டத்தில். புயலுக்குப் பின் அரசு அறிவித்த கொடுப்பனவுகள் இந்நாட்டின் வழமையை விடத் தாராளமானவை: வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய், முழுமையாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை. அவற்றைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. ஆனால் அவற்றின் அளவுகோல் சேதம்தான். இடிந்த சுவரும் புதைந்த வயலுமே அங்கே சாட்சி. மடவளை பஸாரில் ஒரு கடையில் நாட்சம்பளத்துக்கு நிற்பவரையும், கட்டுகஸ்தோட்டைக்கு முச்சக்கர வண்டி ஓட்டுபவரையும், வீட்டிலிருந்தே துண்டுக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். அவர்களின் சுவர் வெடிக்கவில்லை, வாசலில் தண்ணீர் ஏறவில்லை. பாதை அடைபட்டது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன, வாங்குவோர் வரவில்லை. உழைப்பு இல்லாத நாட்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. சேதம் காட்டச் சொன்னால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

அப்படியானால் அவர்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இயல்பான பதில். நம்மிடம் அது உண்டு. 1995 முதல் சமுர்த்தி. 2023 ஜூலை முதல் நலன்புரி நன்மைகள் சபையின் அஸ்வெசும. ஆனால் அஸ்வெசும ஒரு குடும்பத்தை 22 குறிகாட்டிகளால் அளக்கிறது: கல்வி, உடல்நலம், வீடு, சொத்து, மின் பாவனை என்று. இவையெல்லாம் மெதுவாக மாறுபவை. வீட்டின் கூரையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரு குடும்பம் கடந்த பத்தாண்டில் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லும். கடந்த பத்து நாளில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது. ஆக, அரசின் ஒரு கை நெடுநாள் வறுமையைத் தேடுகிறது, மறு கை இடிந்த சுவரைத் தேடுகிறது. திடீரென்று வருமானத்தை இழந்தவர் இரண்டு கைகளுக்கும் இடையில் நிற்கிறார். எனது வாதம் இவ்வளவே: இந்த இடைவெளியை இன்னொரு புதிய நிவாரணத் திட்டத்தால் அடைக்க முடியாது. உதவி பெறுவோரின் பட்டியல் வேறு, மக்களின் பதிவேடு வேறு என்று பிரித்து, இரண்டாவதை அமைதியான காலத்திலேயே எழுதி முடித்தால்தான் முடியும்.

இது வெளிநாட்டு ஆலோசகர்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்கு அல்ல. இந்த நாடு அப்படியொரு பதிவேட்டை ஒருகாலத்தில் வைத்திருந்தது. 1942இல், பர்மா அரிசி நின்றுபோன யுத்த காலத்தில், அரிசிப் பங்கீடு வந்தது. பிறப்பிலேயே அது ஓர் அவசரகால ஏற்பாடு. கூப்பன் புத்தகம் ஏழைக்கும் இருந்தது, முதலாளிக்கும் இருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் முடங்கியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த நிகழ்வை மானியத்தின் ஆபத்துக்கு உதாரணமாகப் பொருளியல் வகுப்புகளில் சொல்வார்கள். அதன் மறுபக்கம் பேசப்படுவதில்லை: எல்லோரையும் உள்ளடக்கிய ஒரு பதிவேட்டில் கை வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதும் அதே நிகழ்வின் பாடம்தான். 1978இல் பங்கீடு ஏறத்தாழப் பாதி மக்களுக்கெனச் சுருக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி அப்படியே நிற்க விலைவாசி ஏறியது. பெறுமதி கரைந்தபோது 1953இன் ஹர்த்தாலைப் போன்ற எதுவும் எழவில்லை. செலவைக் குறைப்பதற்கு அன்று காரணங்கள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிசியை நிறுத்தியபோது பெயர்களையும் சேர்த்து நிறுத்தினோம். அதன் பிறகு அரசின் நலன்புரி ஏட்டில் ஏழை என்று முத்திரை குத்தப்பட்டவர் மட்டுமே இருந்தார்.

அதன் விலையை அடுத்தடுத்த அனர்த்தங்களில் கொடுத்தோம். 2004 சுனாமியின் பின் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் என்றும், ஒருவருக்கு வாரம் 375 ரூபாய் பெறுமதியான பணமும் உலர் உணவும் என்றும் அறிவித்தார்கள். பட்டியலோ அழிவின் நடுவில் இருந்துகொண்டு எழுதவேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொவிட் ஊரடங்கின்போது மீண்டும் 5,000 ரூபாய். பதினைந்து ஆண்டு விலைவாசி அந்தத் தொகையைத் தொடவேயில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். சமுர்த்திப் பட்டியலில் தொடங்கி, காத்திருப்போர் பட்டியல், முதியோர், வலது குறைந்தோர், சிறுநீரக நோயாளர், தொழில் இழந்தோர் என்று ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. நாட்டின் பெரும்பான்மையான குடும்பங்கள் அவை. உண்மையில் அது ஒரு சாதனை. கிராம உத்தியோகத்தர்களும் சமுர்த்தி உத்தியோகத்தர்களும் தெருத்தெருவாக நடந்து அதைச் செய்தார்கள். ஆனால் அவசரத்தில் திரட்டிய அந்தப் பெயர்கள் அடுத்த முறைக்கென்று பேணப்படவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு, உணவுப் பொருட்களின் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியபோது, அரசு மறுபடியும் சமுர்த்திப் பட்டியலையும் காத்திருப்போர் பட்டியலையும்தான் தூசு தட்ட வேண்டியிருந்தது.

வேறுவிதமாகச் செய்தவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் அல்லர். கென்யாவின் வடக்கில் துர்கானா, மார்சபிட், மண்டேரா, வஜிர் ஆகிய நான்கு மாவட்டங்கள் வறட்சிக்குப் பேர்போனவை. அங்கே பசிப்பாதுகாப்புத் திட்டமொன்று வழமையாகச் சுமார் ஒரு இலட்சம் குடும்பங்களுக்கே பணம் கொடுக்கிறது. ஆனால் பதிவு செய்தது 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை. வழமையான கொடுப்பனவு கிடைக்காதவர்களுக்கும் வங்கிக் கணக்கு திறக்க ஏற்பாடு செய்தது. செய்மதி காட்டும் புல்வெளியின் பசுமை குறித்த அளவுக்குக் கீழே போனால் கொடுப்பனவு மற்றக் குடும்பங்களுக்கும் விரிகிறது. யாரும் மனு எழுத வேண்டியதில்லை, யாரும் சேதம் காட்ட வேண்டியதில்லை. பீஜியில் 2016 பெப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்தபோது, ஏற்கெனவே நலன்புரிக் கொடுப்பனவு பெற்றுவந்தவர்களுக்கு மூன்று மாதத் தொகையை அதே வழியால் கூடுதலாக அனுப்பினார்கள். வேகமாகத்தான் போனது, ஆனால் பட்டியலுக்கு வெளியே இருந்தவருக்கு அந்த வழியால் ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கும் பட்டியலை வைத்து விரைந்து கொடுப்பது பீஜியின் முறை, கொடுப்பதற்கு முன்பே பதிவேட்டை அகலமாக்குவது கென்யாவின் முறை. இலங்கையின் திட்டப் பேச்சுகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன என்பது எனது குறை.

இங்கே மடவளை போன்ற ஊர்களின் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும், அது நியாயமானதும் கூட. அனர்த்த நாட்களில் முதலில் வந்து நிற்பது பிரதேச செயலகமா, பள்ளிவாசலா? சமைத்த உணவும் படகும் மருந்தும் முதலில் கொண்டு வருவது ஊர் இளைஞர்கள்தானே? ஸகாத்தும் ஸதக்காவும் இருக்கையில் அரசின் ஏடு எதற்கு? ஊரின் வேகத்துக்கு அரசு ஒருபோதும் ஈடாகாது என்பதை மறுக்க வரவில்லை. ஆனால் ஊர்த் தர்மத்தின் ஊற்று ஊரின் வியாபாரம். ஒரு குடும்பம் விழுந்தால் மற்றவை தாங்கும். எல்லாக் கடைகளும் ஒரே வாரத்தில் மூடினால், கொடுத்துப் பழகியவரின் கையும் கட்டப்படுகிறது. ஹிஜ்ரி 18இல் ஹிஜாஸை வறட்சி வாட்டிய ரமாதா ஆண்டில் கலீஃபா உமர் (ரழி) இதை நன்கறிந்து நடந்தார்கள். பாதிக்கப்பட்ட கோத்திரங்களிடம் அந்த ஆண்டு ஸகாத் திரட்டுவதைப் பிற்போட்டார்கள். ஷாம் (சிரியா) உள்ளிட்ட வெளி மாகாணங்களுக்குக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். ஒரு பிரதேசத்தின் துயரத்தை அதே பிரதேசத்தின் தர்மத்தால் தீர்க்க முடியாது என்ற நிர்வாக அறிவு அது. மக்களுக்கான கொடுப்பனவுகளைப் பெயர் எழுதி ஒழுங்குபடுத்திய திவான் ஏடும் அவர்களின் ஆட்சியிலேயே உருவானது. அரசின் ஏட்டுக்கு நமது பள்ளிவாசலின் மஹல்லா ஏடே முன்மாதிரியாகலாம்: சந்தா கட்டுபவரும் உதவி பெறுபவரும் ஒரே ஏட்டில் இருப்பதால், பிறப்பும் இறப்பும் குடிபெயர்வும் அதில் தாமதமின்றி ஏறுகின்றன. பெறுபவர் மட்டும் இருக்கும் ஏட்டுக்கு அந்த உயிர்ப்பு வராது.

இன்னொரு ஆட்சேபனை இதைவிடக் கனமானது. சிறுபான்மையினர் அதை உரத்துச் சொல்வதில்லை. எல்லோருடைய பெயரும் முகவரியும் அரசின் கையில் இருப்பது பாதுகாப்பா? 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிக் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர் இங்கே வாழாதவர். எனவே பதிவேட்டின் வடிவம் முக்கியம். அதில் இனமும் மதமும் வேண்டியதில்லை. நிவாரணத்துக்கு அவை பயன்படுவதும் இல்லை. யார் எந்தத் தகவலை எப்போது திறந்து பார்த்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் அடித்தளம். நலன்புரிப் பதிவேட்டுக்கென இறுக்கமான தனி விதிகளும் தேவை. ஏட்டில் இல்லாமல் இருப்பதும் பாதுகாப்பு அல்ல. 2018இல் கடை எரிந்தவர் நட்டஈடு கேட்க அவரிடம் உறுதியும் வியாபாரப் பதிவும் இருந்தன. அந்தக் கடையில் வேலை செய்தவரிடம் தமது இழப்பைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

பணம் எங்கே என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு இலட்சம் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மாதம் 10,000 ரூபாய் கொடுத்தால் 200 கோடி ரூபாய். 50 இலட்சம் ரூபாய்ப்படி 400 வீடுகள் கட்டும் செலவு அது. 2023இன் சர்வதேச நாணய நிதிய உடன்பாடு சமூகச் செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம் என்ற கீழ் எல்லையை வைத்தது. அது தரை, கூரை அல்ல. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016 முதல் இயற்கை அனர்த்தக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அதுவும் சொத்துச் சேதத்தையே மையமாகக் கொண்டது. அதன் ஒரு பகுதியை வருமான இழப்புக்குத் திருப்புவதில் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. தடையாக இருப்பது வேறொன்று. முன்கூட்டியே எழுதப்பட்ட விதி, கொடுக்கும் அதிகாரத்தை அமைச்சரின் மேடையிலிருந்து எடுத்துவிடுகிறது. நிவாரணப் பொதியோடு படம் எடுத்துக்கொள்ளும் அரசியலுக்கு அது உவப்பானது அல்ல.

அந்த விதியை எழுதத் தேவையான அறிவியல் நம்மிடம் உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலையக மாவட்டங்களின் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். வெளியேறுவதற்கும் செலவு உண்டு: அன்றைய கூலி, வண்டிச் சத்தம், உறவினர் வீட்டில் வெறுங்கையோடு போய் இறங்கும் சங்கடம். சிவப்பு எச்சரிக்கை வந்த பிரிவின் குடும்பங்களுக்கு மின்சாரமும் தொலைபேசியும் நிற்பதற்கு முன்பே ஒரு தொகை கணக்கில் விழுந்தால், எச்சரிக்கையைக் கேட்பது எளிதாகும். 2020 ஜூலையில் பங்களாதேஷில் ஜமுனா நதிக்கரைக் குடும்பங்களுக்கு உலக உணவுத் திட்டம் வெள்ளம் உச்சத்தை எட்டுமுன்பே 4,500 டாக்கா அனுப்பியது இந்த எண்ணத்தில்தான். எச்சரிக்கை பொய்த்துப்போனால் பணம் வீண்தானே என்பார்கள். பொய்த்த எச்சரிக்கைக்காக வேலையை விட்டு இறங்கியவரின் நாட்கூலியும் வீண்தான்; இன்று அந்த நட்டத்தை அவர் தனியே சுமக்கிறார்.

பதிவேட்டை எழுதத் தொடங்கினால் முதலில் இடறும் இடம் தோட்டங்கள். ஒரு லயன் அறையில் இரண்டு, மூன்று குடும்பங்கள் இருக்கும். முகவரி தோட்டத்தின் பெயர் மட்டும். தோட்டங்களுக்குச் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் வழிவிட்டதே 2018இல்தான். அஸ்வெசும 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடமிருந்து விண்ணப்பம் பெற்று, ஏறத்தாழ 10 இலட்சம் மேன்முறையீடுகளையும் கையாண்டிருக்கிறது. தகுதி பெறாதவை என்று ஒதுக்கப்பட்ட விண்ணப்பங்களை அழிக்காமல் புதுப்பித்து வைத்தாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதியை, அபாய வரைபடத்தில் சிவந்திருக்கும் பிரிவுகளிலிருந்து தொடங்கலாம்: ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறைச் சரிவுகளின் லயன்கள் முதலில், பாததும்பறையின் பஸார்களும் வாடகை அறைகளும் அடுத்து. அடுத்த பருவமழைக்கு முன் ஒரு பிரதேச செயலகப் பிரிவிலாவது இதை முடித்து, எச்சரிக்கை வரும் நாளில் பணம் உண்மையில் எத்தனை மணித்தியாலத்தில் போய்ச் சேர்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.