ரகசியம் காக்கப்படும்!

(தலைப்பு: பாலியல் நோய்ச் சோதனைக்கு ஏற்ற இடம் மருத்துவமனையா, வீடா? கடையம் மேடையில் ‘வீடே’ என்ற அணியில் பேசிய பெண்மணியின் பேச்சு.)



தலைப்பைச் சொன்ன உடனே முன்வரிசை அக்காமார் முந்தானையால வாயை மூடிட்டாங்க. அண்ணாச்சிமார் மேலே மின்விசிறி எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. (சிரிப்பு) என் வாதத்துக்கு முதல் சாட்சி இதுதான். பேச்சைக் கேட்கவே இவ்வளவு கூச்சப்படுகிற நாம, சீட்டு வாங்கி, வரிசையில நின்னு சோதனை பண்ணிக்குவோமா?

எதிரணி அண்ணன் கேட்டார்: "அரசு மருத்துவமனையில நம்பிக்கை மையம் இருக்கு. காசு கிடையாது. ஆலோசனை சொல்ல ஆள் இருக்கு. பிறகு வீட்டில எதுக்கு?" நியாயமான கேள்வி. நம்பிக்கை மையத்தை நான் குறை சொல்ல வரலை. ஆனா அங்கே போய்ச் சேரணுமே! கடையத்துல பஸ் ஏறினா தென்காசியில இறங்குறதுக்குள்ள நாலு பேர் கேட்பாங்க. "என்ன மதினி, தென்காசிக்கா? யாருக்கு மேலுக்கு முடியல?" காய்ச்சல்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில நாம எந்த வாசல்ல நுழையறோம்னு பார்க்க, அதே பஸ்ஸுல வந்த ஒருத்தர் அங்கேயும் நிப்பார். (சிரிப்பு, கைதட்டல்)

இந்தக் கூச்சத்தை முதல்ல புரிஞ்சுக்கிட்டவர் யார் தெரியுமா? லாட்ஜுல ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிற போலி வைத்தியர்! பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல நோட்டீஸ் ஒட்டுவார். "மேக நோய், வெட்டை நோய் தீரும். ரகசியம் காக்கப்படும்." அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைதான் அவர் விக்கிற மருந்து. லேகியம் சும்மா கொசுறு! (பலத்த கைதட்டல்) வீட்டுச் சோதனை அந்த ரகசியத்தை அவர் கையில இருந்து பிடுங்கி, உண்மையான மருத்துவத்தின் கையில கொடுக்குது. என் கட்சி இவ்வளவுதான்.

குணப்படுத்தக்கூடிய பாலியல் தொற்றுகள் மட்டுமே உலகத்துல ஒரு நாளைக்கு 10 லட்சத்துக்கு மேல புதுசா ஏற்படுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இதுல பெரும்பாலானவற்றுக்கு அறிகுறியே கிடையாது. கிளமிடியான்னு ஒரு தொற்று. பெண்ணுக்கு வலி இருக்காது, புண் இருக்காது. சத்தமில்லாம உள்ளே போய்க் கருக்குழாயை அடைச்சிடும். அவள் பாட்டுக்குத் திண்ணையில உட்கார்ந்து பீடி சுத்திட்டு இருப்பா. நாலு வருஷம் கழிச்சு மாமியார் சொல்லுவாங்க, "மருமகளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கலை"ன்னு. நோயைக் கொண்டு வந்தது மகனா இருக்கலாம். பழி யாருக்கு? மருமகளுக்கு! ஆரம்பத்திலேயே தெரிஞ்சிருந்தா சில நாள் மாத்திரையில தீர்ந்திருக்குமே!

"வீட்டில செய்யற சோதனையை நம்பலாமா?"ன்னு எதிரணி கேட்கும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல், ஈறை ஒத்தி எடுத்து வீட்டிலேயே எச்.ஐ.வி. பார்க்கிற சோதனைக்கு அனுமதி கொடுத்தது. 20 நிமிஷம் பொறுத்தா முடிவு. 2016-ல் எச்.ஐ.வி. சுயபரிசோதனையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. 2023-ல் கிளமிடியா, வெட்டை நோய்க்கு வீட்டிலேயே மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புற முறை. 2024-ல் சிபிலிஸுக்கு விரல் நுனி ரத்தத்துல சோதனை. சர்க்கரையை வீட்டில பார்க்கிறோம். கர்ப்பத்தை வீட்டில பார்க்கிறோம். 2021-ல் கொரோனாவையும் வீட்டில பார்த்தோம். இதுக்கு மட்டும் கை நடுங்குவானேன்?

இன்னொரு விஷயம். இந்தியாவில எச்.ஐ.வி. முதன்முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்கிற மாணவி அந்த ஆராய்ச்சியைச் செய்தாங்க. கணவர் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய் விடுவார். இவங்க ரத்த மாதிரி எடுத்து வருவாங்க. அதைப் பாதுகாக்க வசதி இல்லாம எங்கே வச்சாங்க தெரியுமா? தன் வீட்டு ஃபிரிட்ஜில! அதுக்குப் பிறகுதான் வேலூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனாங்க. நடுவர் அவர்களே, இந்த நாட்டு எச்.ஐ.வி. சோதனையோட வரலாற்றிலேயே ஒரு வீடு இருக்கு! (கைதட்டல்)

எதிரணியின் பயத்துல நியாயமே இல்லைன்னு நான் சொல்லலை. தனியா உட்கார்ந்து ரெண்டு கோடு பார்த்தா மனசு உடையாதா? உடையும். அதனால அந்தப் பெட்டியோட 1097 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கணும். வீட்டில வர்ற முடிவு கடைசித் தீர்ப்பு இல்ல. நம்பிக்கை மையத்துல உறுதி செய்தே ஆகணும். தொற்று ஏற்பட்ட உடனே பார்த்தாலும் தெரியாது, எச்.ஐ.வி.க்கு 3 மாசம் வரைக்கும் ஆகலாம். கடையில விக்கிற பெட்டி எல்லாத்தையும் நம்பாதீங்க; அரசு அனுமதி பெற்றதான்னு பாருங்க. "மாமியார் மருமகளைக் கட்டாயப்படுத்திச் சோதனை பண்ணினா?" எச்.ஐ.வி. சோதனைக்குச் சம்பந்தப்பட்டவரோட சம்மதம் வேணும்னு 2017-ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமல்ல இருக்கு. சோதனை செய்கிற உரிமைதான் வீட்டுக்கு வரணும். மிரட்டுகிற உரிமை யாருக்கும் கிடையாது!

இப்ப ஒரு கேள்வி. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை பண்றாங்க. சரி. புருஷன்? அவர் வெளியே டீக்கடையில நிக்கிறார்! (சிரிப்பு) கென்யாவில கிசுமுங்கிற ஊர்ல இதுக்கு வழி கண்டாங்க. 600 பெண்கள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள். பாதிப் பேர் கையில, "உங்க கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க"ன்னு அழைப்புக் கடிதம். மீதிப் பேர் கையில வீட்டுச் சோதனைப் பெட்டி. 2016-ல் முடிவு வெளியாச்சு. கடிதம் போன வீட்டில 100-க்கு 52 கணவர் சோதனை பண்ணிக்கிட்டார். பெட்டி போன வீட்டில 91 பேர்! ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆம்பளையை அடுப்பங்கரையில பிடிச்சாச்சு! (நீண்ட கைதட்டல்)

இதைச் சொல்ல இந்தக் கடையத்தை விடப் பொருத்தமான மேடை ஏது? செல்லம்மாள் பிறந்த ஊர் இது. 1918-ல் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி, 1920 வரைக்கும் வாழ்ந்த ஊர் இது. கற்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று பாடின கவிஞர் அவர். கற்பு பொதுவென்றால், சோதனையும் பொதுதானே? புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கிட்டுச் சேர்ந்தே பார்த்துக்கட்டும். நல்ல முடிவு வந்தா நிம்மதி. இல்லையா, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். சிபிலிஸுக்கு ஆரம்பத்துல ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். எச்.ஐ.வி.க்கு 2004-லிருந்து அரசு மருந்தை இலவசமா கொடுக்குது. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிட்டா, உடலுறவு மூலமா துணைக்குத் தொத்தாதுன்னு மருத்துவம் உறுதியாச் சொல்லுது.

வைத்தியம் ஆஸ்பத்திரியிலதான். அதை நான் மறுக்கலை. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் இருக்குன்னே தெரியாதவங்களுக்கு அதைத் தெரியப்படுத்துற இடம் எது? வீடு! "ரகசியம் காக்கப்படும்" என்கிற வாசகம் லாட்ஜ் சுவரை விட்டு நம்ம வீட்டுக் கதவுக்கு வரட்டும். எனவே, சோதனைக்கு ஏற்ற இடம் வீடே, வீடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)