க்ஷயரோகம் குடிசையிலும் குணமாகும்!

(உலகக் காசநோய் தினத்தையொட்டி வடசென்னையில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்ட் முடித்து, தூக்கம் நிறைந்த கண்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளிகளும் வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் வீடுகளில் இருக்கும் ஒரு வியாதிக்கு நாம் பெயர் சொல்வதில்லை. கேட்டால் "பஞ்சுத் தூசி" என்கிறோம். "பீடி இருமல்" என்கிறோம். அதன் பெயர் க்ஷயம், காசநோய். ஏன் மறைக்கிறோம்? வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம். பயத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறைத்தால் என்ன நடக்கிறது? சிகிச்சை பெறாதவர் இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. அதே அறையில் படுத்திருக்கும் குழந்தையைப் போய்ச் சேருகிறது.

இது பாவத்தின் பலன் அல்ல. பரம்பரைச் சாபமும் அல்ல. இதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882-ம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அதனால்தான் அந்த நாளைக் காசநோய் தினமாக வைத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இதற்கு என்ன வைத்தியம்? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் வந்தது. ரயில் நிலையத்தின் பெயரிலேயே அது இன்றும் இருக்கிறது. ஆனால் எத்தனை பேருக்குப் படுக்கை கிடைக்கும்? கூலிக்காரன் ஒரு வருஷம் படுத்துவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?

இந்தக் கேள்விக்கு நம் சென்னை நகரமே பதில் சொன்னது, தோழர்களே! 1956-ல் இங்கே ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் துவங்கப்பட்டது. சென்னை சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து துவக்கின. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷத்துக்கு. சானடோரியத்தில் ஓய்வும் சத்தான சாப்பாடும் உண்டு. வீட்டிலோ நெரிசலும் அரை வயிறும்தான்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர்! வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வியாதி கூடுதலாகத் தொற்றவுமில்லை. ஏனென்றால், மருந்து துவங்குவதற்கு முன்புதான் தொற்றும் அபாயம் அதிகம். உலகமெங்கும் க்ஷயரோக வைத்தியத்தின் போக்கையே மாற்றிய பாடம் இது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்; சிறுநீரைச் சோதித்தார்கள். இந்த விடாப்பிடியில்தான் குடிசை ஜெயித்தது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஆபத்து எப்போது வருகிறது தெரியுமா? இரண்டாவது மாதத்தில்! இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு ஓவர்டைம் பார்க்கப் போகிறோம். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். கட்டட வேலைக்கு நகரம் வந்து, அறுவடைக்கு ஊர் திரும்பும் தோழர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். ஊர் மாறுமுன் ஆஸ்பத்திரியில் சொல்லி, சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மாத்திரை மட்டும் போதுமா? போதாது! ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பட்டினிதான் இந்த வியாதிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நோயாளியின் சத்துணவுக்கு சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளுக்குக் கணக்குப் போட்டால் 33 ரூபாய்! இதில் முட்டை வாங்குவதா, பருப்பு வாங்குவதா, பால் வாங்குவதா? இ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு, சர்வீஸ் நிபந்தனை பூர்த்தியானால், காசநோய்க்கு நீண்டகால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு உண்டு. உரிமை இருப்பதே தெரியாமல் விட்டுவிடாதீர்கள். ஆனால் காண்டிராக்டில் சீட்டில்லாமல் உழைப்பவருக்கு? வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு? படுத்த அன்றே கூலி நின்றுபோகிறது. காலையில் மாத்திரையா, வேலையா என்ற கேள்வி அவர்களுக்குத்தான் வருகிறது.

ஆகவே, நாம் செய்யவேண்டியது என்ன? இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மறைக்காமல் பரிசோதனைக்குப் போவோம். நோய் கண்ட தோழரின் வீட்டுக்கு யூனியன் ஆட்கள் முறைவைத்துப் போகவேண்டும். மாத்திரையையும் விசாரிக்கவேண்டும், அடுப்பையும் விசாரிக்கவேண்டும். சிகிச்சை முடியும்வரை வேலைக்குப் பாதுகாப்பு, எல்லா உழைப்பாளிகளுக்கும் நோய்க்கால ஊதியம், குடும்பம் முழுமைக்கும் உணவு—இவற்றைக் கேட்டுப் பெறவேண்டும்.

குடிசையிலும் குணமாகும் என்பதை இந்த நகரத்தின் ஏழைகள்தான் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மருந்திருந்தும் சாகலாமா? சாகவிடமாட்டோம் என்று சொல்லி இந்தக் கூட்டத்திலிருந்து புறப்படுவோம்!