கடைசி நேரத்தில் கேக் வேண்டாம் என்றால்?

(திருவொற்றியூரில், வீட்டுத் தொழில் செய்யும் மகளிரும் சுற்றுவட்டாரச் சிறு விவசாயக் குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

உழவர்களுக்கான பேச்சில் கேக்குக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். முட்டை, பால், வெண்ணெய், பழம் இவையெல்லாம் நம் வீடுகளிலிருந்து போகும் பொருட்கள். அவற்றை அப்படியே விற்பதைவிடக் கேக்காகச் செய்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதால், மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் குடும்பங்களிலிருந்து திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பலரும் இத்தொழிலில் ஆர்வம் காட்டுகிறார்கள். கேக் செய்யும் முறையைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். ஆனால், மாலை ஆறு மணிக்குத் தர வேண்டிய கேக்கை நான்கு மணிக்கு “வேண்டாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பயிற்சி வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கல்யாணப் பந்தலுக்குக் குலைவாழை தர ஒப்புக்கொண்ட விவசாயிக்கு இது புதிய தொல்லை அல்ல. மரம் தோட்டத்தில் நிற்கும் வரை கல்யாணத் தேதி தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை, வேறொருவர் வாங்கிக்கொள்வார். வெட்டிய பிறகு வேண்டாம் என்றால்தான் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. கேக்கிலும் அப்படி ஒரு வெட்டும் நேரம் உண்டு. அந்த நேரம் எது என்பதைத் தெரிந்துகொண்டு, அதை எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று பார்ப்பதும், வாடிக்கையாளர் சொல்ல வேண்டிய செய்தி அதற்கு முன்னால் நமக்கு வந்து சேரும்படி செய்வதும்தான் இதற்கு வழி.

முதலில் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கேக்கை 900 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், கிரீம் ஆகியவற்றுக்கு 350 ரூபாய், அட்டைப்பெட்டி முதலியவற்றுக்கு 50 ரூபாய், மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் 40 ரூபாய் என்றால், கைப்பணம் 440 ரூபாய் போகிறது. மீதி 460 ரூபாய்தான் உழைப்புக்குக் கிடைப்பது. முன்பணம் வாங்காமல் செய்த ஒரு கேக் ரத்தானால், அதில் போன 440 ரூபாயை ஈடுகட்ட இன்னொரு கேக்கின் கூலி ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அதாவது இரண்டு கேக்குக்குப் பாடுபட்டு, மிஞ்சுவது 20 ரூபாய். வாரத்தில் நான்கைந்து ஆர்டர் மட்டுமே வரும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் இப்படித்தான் கரைகிறது. ஆகவே “ஒரு கேக்தானே போனால் போகிறது” என்று இருந்துவிடக் கூடாது.

ஏன் ரத்தாகிறது?

இந்த வட்டாரத்தில் அதற்கான காரணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியக்கூடியவை. ஆலைகளில் ஷிப்டு மாறும். தந்தைக்கு இரவு வேலை வந்துவிட்டால் பிள்ளையின் பிறந்தநாள் விழா ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருப்பதால், காசிமேட்டை நம்பியிருக்கும் குடும்பங்களில் கையில் பணம் புழங்குவது குறையும். மார்ச் மாதத்தில் உற்சாகமாக இரண்டு கிலோ கேட்டவர், மே மாதத்தில் அரைக் கிலோ போதும் என்பார். அல்லது வேண்டாம் என்பார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், நேரத்துக்குக் கேக் போய்ச் சேராமல், அதனாலேயே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும் மாற்று இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டுவிட்டது. மெட்ரோ நிலையத்தின் வாசலில் வந்து பெற்றுக்கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் முன்பே பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். கடைசி நேரத்தில் வேண்டாம் என்பவர்களில் பலருக்கு அந்த விஷயம் கடைசி நேரத்தில் தெரிவதில்லை. விழா இல்லை என்பது இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கும். “எப்படிச் சொல்வது, கோபித்துக்கொள்வார்களே, கொடுத்த பணம் போய்விடுமே” என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவார்கள். ஆகவே, சொல்லுவதை அவர்களுக்கு எளிதாக்கினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

முன்பணமும் கெடுவும்

முன்பணம் கேட்பதற்கு நம் பெண்களுக்கு மிகவும் கூச்சம். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள், ஒரே தெருவில் இருப்பவர்கள் என்று விட்டுவிடுகிறார்கள். மாட்டுக்கு அச்சாரம் வாங்குகிறோம். நெல்லுக்கு அச்சாரம் வாங்குகிறோம். அங்கே யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேக்குக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? என்னைக் கேட்டால், உறவினரிடம்தான் முதலில் வாங்க வேண்டும் என்பேன். உறவினரிடம் பிறகு போய் நஷ்டம் கேட்க முடியாது.

முன்பணத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன 900 ரூபாய்க் கேக்குக்கு, ஆர்டர் சொல்லும்போது 200 ரூபாய் பெற்றுக்கொள்ளுங்கள். இது அவர் உண்மையாகவே வாங்கப் போகிறாரா என்பதைக் காட்டிவிடும். தர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு 250 ரூபாய். இப்போது மொத்தம் 450 ரூபாய்; கைப்பணம் 440 ரூபாய் காப்பாற்றப்பட்டுவிட்டது. இந்த இரண்டாவது தவணை வராத வரையில் கிரீமும் பழமும் வாங்கக் கூடாது, அடுப்பையும் மூட்டக் கூடாது. மூன்றடுக்குத் திருமணக் கேக் போன்ற பெரிய ஆர்டருக்கு, ஒப்புக்கொள்ளும்போதே பாதித் தொகையைப் பெற்றுவிட வேண்டும்.

கைபேசி மூலம் பணம் அனுப்பியதாக யாராவது படம் காட்டினால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு விதியும் அவசியம். இரண்டு நாள் கெடுவுக்கு முன் வேண்டாம் என்று சொன்னால், 200 ரூபாயையும் முழுவதுமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும். “அச்சாரம் போனது போனதுதான்” என்று பிடித்து வைத்துக்கொண்டால், அவர் கடைசி நிமிடம் வரை வாய் திறக்க மாட்டார். பணம் திரும்பி வரும் என்றால் உடனே சொல்லிவிடுவார். தேதியை மாற்றிக் கேட்டால் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். இரண்டாம் முறை மாற்ற வேண்டாம்.

முந்தின நாள் காலையில், முட்டை உடைப்பதற்கு முன், ஒருமுறை போன் செய்து கேளுங்கள். “நாளைக்குக் கேக் வேண்டுமா?” என்று கேட்பது சரியல்ல, “இன்று மாவு கலக்கப் போகிறேன், தேதி, நேரம் ஏதாவது மாறியிருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். தயங்குகிறவர் வாய் திறக்க இது வழிவிடும்.

பேசியதை எழுத்தில் வைப்பது மிகவும் முக்கியம். வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும். கேக்கின் எடை, விலை, தரும் நாள், நேரம், பெற்ற முன்பணம், எந்த நாள் வரை சொன்னால் பணம் முழுவதும் திரும்பும், அதன் பிறகு எவ்வளவு பிடிக்கப்படும் என்று எழுதி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான ஈடு கேட்கலாம். ஆனால் நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிப்பதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆகவே 440 ரூபாய் செலவுக்கு 900 ரூபாயையும் பிடித்து வைத்துக்கொள்வது முறையல்ல. அந்தக் கேக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டால், விற்ற அளவுக்கு முன்பணத்தைத் திருப்பித் தருவதே நேர்மை. அப்படித் திருப்பித் தந்த செய்தி தெருவில் பரவுவதால் வரும் லாபம் தனி.

துக்க வீடு என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முழுப் பணத்தையும் கேட்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

வெட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுதல்

கேக் எந்தக் கட்டத்தில் அந்த ஒரு வீட்டுக்கே உரியதாகிவிடுகிறது? வெந்த அடிக்கேக் யாருக்கும் பொருந்தும். கிரீம் பூசிய பிறகும் வேறொருவருக்குக் கொடுக்கலாம். “கண்ணன் 5” என்று மேலே எழுதிய பிறகு அது கண்ணனுக்கு மட்டும்தான். எனவே பெயரைக் கேக்கின் மேல் நேரடியாக எழுத வேண்டாம். சாக்லேட் வில்லையிலோ சர்க்கரைத் தகட்டிலோ தனியாக எழுதி, தருவதற்குச் சற்று முன் மேலே வைத்துவிடுங்கள். பொம்மை, எண், பூ ஆகியவையும் அப்படியே. இது ஒன்றைச் செய்தாலே, ரத்தான கேக்கை விற்பது பாதி எளிதாகிவிடும்.

அடிக்கேக்கை நன்கு ஆறவிட்டு, காற்றுப் புகாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். எடுக்கும்போது சுற்றியபடியே குளிர் விடவிட வேண்டும். இல்லாவிட்டால் மேற்புறத்தில் நீர் கோத்துப் பிசுபிசுக்கும். கிரீம் பூசிய கேக்கின் கதை வேறு. அதை 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் விற்கக் கூடாது. ஆகவே கிரீம் பூசுவதைத் தரும் நாளன்று காலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாலையில் ரத்தாகி, கையில் கேக் நின்றுவிட்டால் என்ன செய்வது? பழைய வாடிக்கையாளர்களுக்கு உடனே படம் அனுப்பி, சற்றுக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லுங்கள். ஒரு கிலோவைப் பத்துத் துண்டாக்கி, துண்டு 60 ரூபாய் என்று விற்றால் 600 ரூபாய் கிடைக்கிறது, கைப்பணம் வந்துவிட்டது. இதற்காக அக்கம்பக்கத்தில் பத்துப் பதினைந்து பேரின் பெயரை முன்பே குறித்து வைத்திருப்பது நல்லது. எப்போது செய்த கேக் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-ன் கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிரீம் பூசாத அடிக்கேக்கு மிஞ்சினால் ரஸ்க் செய்துவிடலாம். விரல் பருமனில் நீளத் துண்டுகளாக நறுக்கி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 150 டிகிரி சூட்டில் ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும் வரை, நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு வாட்ட வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் படாத இறுக்கமான டப்பாவாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். தேநீர்க் கடைகளில் இதற்கு நல்ல கிராக்கி உண்டு.

எல்லா ஆர்டரும் ஒரே நாளில் போனால்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, ஏப்ரல் 12 ஈஸ்டருக்காகப் பேசிய ஆர்டர்களும் கோடைக் கல்யாண ஆர்டர்களும் ஒன்றாகப் போயின. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்தப் பகுதித் தெருக்களில் வெள்ளம் நின்றது, மின்சாரம் இல்லை, பால்கூடக் கிடைக்கவில்லை, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தது. இப்படிப்பட்ட நாளில் வாங்குகிறவர் மீதும் குற்றமில்லை, செய்கிறவர் மீதும் குற்றமில்லை. கேக்கைக் கொண்டு சேர்ப்பதே முடியாத காரியமாகிவிட்டால் முன்பணத்தைப் பிடித்து வைக்க வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். பணமாகத் தர இயலாவிட்டால், அடுத்த மாதத்துக்கு வரவு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

இதற்காகவே, பெறும் முன்பணத்தைக் கேக் கொடுத்து முடியும் வரை வீட்டுச் செலவில் கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். நோட்டில் ஆர்டர் வாரியாக எழுதி வைத்தால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

வானிலை நிலையம் புயல் எச்சரிக்கை தந்தவுடன் கிரீம் வாங்குவதை நிறுத்துங்கள். மின்சாரம் நின்றுவிட்டால், மூடியே வைத்த குளிர்பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் குளிர் தாங்கும். அதன் பிறகு உள்ளே இருக்கும் கிரீம் கேக்கை வீட்டாரும் உண்ணக் கூடாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரும் ஆர்டர்களில் முடிந்தவற்றை உலர்பழக் கேக்காக மாற்றிக்கொள்ளும்படி முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள். நன்கு வெந்து, ஈரம் படாமல் சுற்றி வைத்த பழக் கேக் குளிர்பெட்டி இல்லாமலே இரண்டு வாரம் இருக்கும்; ராயபுரம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வரை அதைக் கேட்டு வாங்குவோர் இருந்துகொண்டே இருப்பார்கள்.