பத்துச் சதத்தின் பெருமை

தரும காரியத்துக்குப் பொருள் திரட்டப் புறப்படுவோர் முதலிற் செல்வரின் வாயிலையே நாடுவர். பொருள் முட்டுப்பட்ட காலத்தில் அவ்வாயில்களும் அடைபடுகின்றன. அப்பொழுது யாரிடம் செல்வது? இவ்வினாவுக்கு 1938ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் அளித்த விடை நேயர்கள் அறியத்தக்கது.

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அந்நாட்டை முற்றாக விட்டகலவில்லை. 1937இல் தொழில்கள் மீண்டும் தளர்ந்தன. வேலையிழந்தோர் தொகை பெருகிற்று. அக்காலத்தில் இளம்பிள்ளைவாதமும் குழந்தைகள் பலரை முடமாக்கி வந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தாமே 39ஆம் வயதில் அந்நோயுற்றுக் கால்களின் வலுவை இழந்தவர். அவருடைய பிறந்தநாளையொட்டி 1934 முதல் நடன விழாக்கள் நடத்தி நிதி சேர்த்தனர். ஆயினும், விழாவுக்குச் செல்ல வசதியற்ற கோடிக்கணக்கானோர் அம்முயற்சிக்குப் புறத்தே நின்றனர்.

1938 ஜனவரியில் அந்நோயை எதிர்க்கத் தேசிய நிறுவனமொன்று தோன்றியது. நகைச்சுவை நடிகர் எடி கான்ரர் செலவு குறைந்த வழியொன்றைக் கூறினார். வானொலி நிகழ்ச்சிகள் தம் நேரத்தில் அரை நிமிடத்தை ஈயட்டும். கேட்போர் ஒவ்வொருவரும் பத்துச் சத நாணயம் ஒன்றை வெள்ளை மாளிகைக்கே அனுப்பட்டும் என்பது அவர் யோசனை.

முதலிரு நாட்களில் வந்த கடிதங்கள் மிகச் சில. பின்னரோ அஞ்சற் பைகள் மலைபோற் குவிந்தன. எண்ணி முடித்தபோது நாணயங்கள் ஏறத்தாழ 2,680,000. அவற்றின் பெறுமதி 268,000 டொலர்.

பயன் அத்தொகையோடு நின்றுவிடவில்லை. பத்துச் சதம் அனுப்பியவர் அக்காரியத்துக்கு உரியவரானார். ஆண்டுதோறும் இவ்வாறு திரண்ட நிதி ஜோனாஸ் சால்க்கின் தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்கு உதவியது. 1954இல் பல இலட்சம் சிறுவர் பங்குகொண்ட பரிசோதனையையும் அந்நிறுவனமே நடத்தியது. 1955 ஏப்ரல் 12ஆம் நாள் மருந்தின் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

வறியவரிடம் கேட்பது அவரை வருத்துவதாகும் எனச் சிலர் தயங்குவர். தாங்கக்கூடிய அளவைச் சொல்லிக் கேட்பது வருத்துவதன்று. அறத்தில் அவருக்கும் ஓர் இடம் அளிப்பதாகும். ஊர்ப் பாடசாலையோ வாசிகசாலையோ நிதியின்றித் தவிக்கும்போது, கேட்கும் தொகையைக் குறைக்கலாம். கேட்கப்படுவோரின் தொகையைக் குறைத்தல் ஆகாது.