நான்கு எண்களைக் கேட்டு வாங்குவோம்

பட்டணத்துக்குப் பட்டணம் ஆளேற்றி ஓடிய பழைய மெர்சிடிஸ் டீசல் வாடகைக் காடிகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், அப்படிப்பட்ட காடி ஒன்றை வாங்கலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. வேறு சிலர் வீட்டில் காடி முன்பே நிற்கும். ஒருநாள் காலையில் அது கிளம்ப மறுக்கும். “இஞ்சின் போய்விட்டது, பிரித்துக் கட்ட வேண்டும்” என்று பட்டறையில் சொல்வார்கள். உடனே வீட்டு நகை அடகுக் கடைக்குப் புறப்படும். அந்த நகை போகத்தான் வேண்டுமா என்பதைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் உண்டு. டீசல் இஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். 1976-இல் வெளிவந்த 123 வரிசை மெர்சிடிஸ் 240டி காடியை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர்களிலும் 21 பங்கு காற்று ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ காற்று கசியும்; சூடு குறையும். காலையில் இஞ்சின் கிளம்பாது, வெள்ளைப் புகை வரும், மேட்டில் இழுக்காது.

ஆனால் கிளம்பாத இஞ்சினெல்லாம் தேய்ந்த இஞ்சின் அல்ல. பேட்டரி வலுக்குறைந்திருக்கலாம். டீசல் வடிகட்டி அடைத்திருக்கலாம். ஹீட்டர் பிளக் எரிந்திருக்கலாம். 1970-களின் பழைய அமைப்பில் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் ஒரே தொடராக இணைந்தவை. ஒன்று எரிந்தால் நான்குமே சூடாவதில்லை. ஆகவே இவற்றை முதலில் பார்க்கச் சொல்வோம். இவை சரியாக இருந்தும் குறை தீராவிட்டால், அமுக்கத்தை அளக்க வேண்டும்.

பெட்ரோல் காடிக்குரிய அழுத்தமானி இதற்கு உதவாது. 40 பார் வரை காட்டும் டீசல் அழுத்தமானி தேவை. காடியை ஓட்டி, இஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அளக்க வேண்டும். பேட்டரி முழு வலுவோடு இருக்கட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட வேண்டும். பிறகு நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். டீசல் பம்பின் மேலுள்ள நிறுத்துக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் டீசல் வராது. பிடிப்பவரின் கை விசிறிக்கு அருகில் போகக் கூடாது. திறந்த துளைகளுக்கு நேரே முகத்தையும் காட்டக் கூடாது. முதலில் சில சுற்று சுற்றவிட்டால் துளையிலுள்ள கரி வெளியேறிவிடும். அதன்பின் ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி, ஏறத்தாழ எட்டுச் சுற்று சுற்றி, எண்ணைக் குறிக்க வேண்டும்.

240டி இஞ்சினுக்கு 22 முதல் 24 பார் வரை நல்ல அளவு. ஏறத்தாழ 15 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது. சிலிண்டர்களுக்கிடையே 3 பாருக்கு மேல் வேறுபாடும் இருக்கக் கூடாது. நான்கும் 19, 20 என்று ஒத்து நின்றால், வயதாகியும் உழைக்கக்கூடிய இஞ்சின் அது. மூன்று 21-இல் நின்று ஒன்று மட்டும் 14 காட்டினால், அந்த ஒன்றில்தான் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

எண் குறைந்தாலும் உடனே இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். வால்வு இடைவெளி காலப்போக்கில் குறைந்துபோகும். அப்போது வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் விழும். இடைவெளியைச் சரிசெய்வது சிறிய வேலை. அதைச் செய்தபின் மறுபடியும் அளக்கச் சொல்வோம். அப்படியும் எண் ஏறாவிட்டால், அந்தச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கேட்கலாம். புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் இஞ்சினில் செய்வதுபோல, சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி அளப்பது டீசலுக்கு ஆகாது. உள்ளே இடம் மிகச் சிறிது, எண்ணெயோ அமுங்காது. சற்றுக் கூடினாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வாங்குவதானாலும் பழுதுபார்ப்பதானாலும் பணத்தை நீட்டுமுன் நான்கு எண்களைக் கேட்போம். தேதியும் ஓடிய தூரமும் சேர்த்து எழுதி வாங்குவோம். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்வோம். அடுத்த ஆண்டு அளக்கும்போது, இஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.